12 போரா, 20 போரா? துவக்கின் உதை பற்றி வட்டையில் கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தின் தம்பலகாமத்து வயல்வெளியில் பெரும்போகக் கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் பன்றிக் காவலும் தொடங்கிவிடும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதிப்பத்திரத்துடன் துவக்கு வைத்திருக்கும் கமக்காரர்களும், அதற்கு விண்ணப்பிக்க எண்ணுபவர்களும் கமக்கார அமைப்பின் கூட்டங்களில் என்னிடம் வந்து கேட்கும் ஐயங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. நம்மில் பலருக்குத் துவக்கு என்பது தகப்பனார் காலத்துப் பொருள். அதைக் கையாளும் பழக்கம் போர்க்காலத்தில் அறுந்து, கேள்விப்பட்ட கதைகளே மிஞ்சியிருக்கின்றன. அதனால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களை அவற்றின் கீழே தந்திருக்கிறேன்.

12 போர், 16 போர், 20 போர் என்கிறார்களே, அந்த எண் எதைக் குறிக்கிறது? எண் கூடினால் துவக்கும் பெரிதா?

இல்லை, போர் என்பது குழலின் உள்ளளவு, எண் கூடக் கூடக் குழல் சிறுக்கிறது. குழலின் உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகளை வார்த்தால், ஒரு றாத்தல் ஈயத்தில் எத்தனை குண்டுகள் கிடைக்கும் என்பதே அந்த எண். ஒரு றாத்தலில் 12 குண்டுகள் வந்தால் அது 12 போர். அதே றாத்தலில் 20 குண்டுகள் வந்தால் ஒவ்வொரு குண்டும் சிறிதாகத்தானே இருக்க வேண்டும்?

மில்லிமீற்றரில் சொன்னால் 12 போரின் உள்விட்டம் சுமார் 18.5, 16 போர் 16.8, 20 போர் 15.6, 28 போர் 14 ஆகும். துவக்குக்குத் துவக்குச் சிறு வேறுபாடு இருக்கலாம்.

410 என்று ஒன்று இருக்கிறதே, அது எந்தக் கணக்கு?

அது மேற்சொன்ன றாத்தல் கணக்கில் சேராது. குழலின் விட்டத்தையே அங்குலத்தில் எழுதியது அது, 0.410 அங்குலம், அதாவது சுமார் 10.4 மில்லிமீற்றர். றாத்தல் கணக்குக்கு மாற்றினால் ஏறத்தாழ 67 போர் என்று வரும். உதை மிகக் குறைவு. ஆனால் அதன் தோட்டாவில் அடங்கும் சன்னமும், அதாவது சிறு குண்டுகளும், மிகக் குறைவு என்பதால் பன்றிக் காவலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

துவக்கு ஏன் உதைக்கிறது? நல்ல துவக்கு உதைக்காது என்று சொல்கிறார்களே?

உதைக்காத துவக்கு கிடையாது. தோட்டாவிலுள்ள மருந்து எரிந்து சன்னங்களை முன்னே தள்ளும்போது அதே அளவு உந்தம் துவக்கைப் பின்னே தள்ளுகிறது. தோணியிலிருந்து கரைக்குப் பாய்பவரின் காலடியில் தோணி பின்னே நழுவுவதைக் கிண்ணியாத் துறையில் பார்த்தவர்களுக்கு இதைப் பிரித்து விளக்கத் தேவையில்லை. சன்னத்தின் எடையும் அது புறப்படும் வேகமும் கூடினால் உதை கூடும். துவக்கின் எடை கூடினால் உதை குறையும். இந்த மூன்றும் உறுதியான கணக்குக்கு உட்பட்டவை.

நாலாவதாக ஒன்று உண்டு. அதே உதையை ஒருவர் தள்ளுதலாக உணர்கிறார், இன்னொருவர் குத்தாக உணர்கிறார். துவக்குக் கட்டையின் அளவு, தோளில் வைத்த இடம், நிற்கும் நிலை, காதில் விழும் சத்தம் ஆகியவை இந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன. என்னிடம் வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இந்த நாலாவதைச் சேர்ந்தவையே.

12 போர் என்றாலே தோள் கழன்றுவிடும் என்று பயமாக இருக்கிறது. 20 போர் எடுத்தால் உதை குறைந்துவிடும்தானே?

இந்தக் கேள்விதான் மிக அதிகம் கேட்கப்படுகிறது; இதற்குக் கிடைக்கும் வழக்கமான பதில்தான் மிகப் பிழையானதும்கூட. தோளை உதைப்பது குழலில் பொறித்திருக்கும் எண் அல்ல, தோட்டாவிலுள்ள எடைக்கும் துவக்கின் எடைக்கும் இடையிலான விகிதமே உதையைத் தீர்மானிக்கிறது. செக்கனுக்கு 400 மீற்றர் வேகத்தில் புறப்படும் தோட்டாக்களை எடுத்துக்கொண்டு, மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையிலுள்ள அடைப்பானின் எடையையும் மருந்தின் எடையையும் சேர்த்துத் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். 3.2 கிலோ எடையுள்ள 12 போர் துவக்கில் 32 கிராம் சன்னத் தோட்டாவைச் சுட்டால் உதையின் ஆற்றல் சுமார் 34 ஜூல். அதே துவக்கில் 24 கிராம் தோட்டாவைப் போட்டால் அது சுமார் 21 ஜூலாக இறங்குகிறது. அந்த 24 கிராமையே 2.7 கிலோ எடையுள்ள மெல்லிய 20 போரில் சுட்டால் சுமார் 25 ஜூல் வருகிறது. அதாவது, தோட்டா ஒரே எடையாக இருக்கும்போது 12 போரைவிட 20 போர்தான் கூடுதலாக உதைக்கிறது.

இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிராமங்களில் காணப்படும் ஒற்றைக்குழல் 12 போர்களில் 2.6 கிலோ மட்டுமே எடையுள்ளவை உண்டு; தூக்கிக்கொண்டு வரம்பில் நடக்க அவை மிக இலகு. அதே 32 கிராம் தோட்டா அதில் சுமார் 42 ஜூல் உதையைத் தருகிறது. இது கனத்த 12 போரில் 24 கிராம் தோட்டா தருவதைப்போல் இரண்டு மடங்கு. இரண்டும் 12 போரே. தகப்பனாரின் ஒற்றைக்குழல் துவக்கைச் சுட்டு அழுத ஒருவர், தன் வாழ்நாள் முழுவதும் 12 போரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

20 போர் பொதுவாக மெதுவாக உதைக்கிறது என்ற பேச்சில் ஓரளவு உண்மையும் இருக்கிறது: அதற்கென்று விற்கப்படும் தோட்டாக்களில் சன்னம் குறைவாக இருப்பதே அதற்குக் காரணம். அந்தக் குறைவை 12 போரிலும் நாமே தேர்ந்துகொள்ளலாம்.

அப்படியென்றால் துவக்குக்கும் தோட்டாவுக்கும் இடையில் எவ்வளவு விகிதம் இருக்க வேண்டும்?

இங்கிலாந்தின் துவக்குச் செய்பவரான கிறீனர் 19ஆம் நூற்றாண்டில் சொல்லிவைத்த ஓர் அளவு இன்றும் பயன்படுகிறது: துவக்கின் எடை, சன்னத்தின் எடையைப்போல் 96 மடங்காவது இருக்க வேண்டும். அதன்படி 28 கிராம் தோட்டாவுக்குச் சுமார் 2.7 கிலோவும், 32 கிராமுக்குச் சுமார் 3.1 கிலோவும், 36 கிராமுக்குச் சுமார் 3.5 கிலோவும் உள்ள துவக்கு வேண்டும். உங்கள் துவக்கை வெறுமையாக்கித் தராசில் வைத்து நிறுத்து, கிராமாக மாற்றி 96ஆல் வகுத்துப் பாருங்கள். வரும் விடை, அந்தத் துவக்கில் தோள் நோகாமல் சுடக்கூடிய சன்னத்தின் எடை.

முடிவாக, எனக்கு எந்தப் போருக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறீர்கள்?

நம் நாட்டில் பயிர்க் காவலுக்கு வைத்திருக்கும் துவக்குகளில் பெரும்பாலானவை 12 போர் என்பதாலும், அதற்கான தோட்டாவே தேடிக் கிடைக்கக்கூடியது என்பதாலும், மெல்லியது முதல் கனத்தது வரை அதிகத் தெரிவு அதில்தான் உண்டு என்பதாலும், 12 போரையே சொல்வேன். எடை 3 கிலோவுக்குக் குறையாதிருந்தால் நல்லது. சர்வதேசக் களிமண் தட்டுச் சுடும் போட்டிகளில்கூட 12 போர் துவக்கில் 24 கிராம் தோட்டாவையே பயன்படுத்துகிறார்கள் என்பது, இந்தப் போரில் மென்மையாகவும் சுட முடியும் என்பதற்கு நல்ல சான்று.

எந்தப் போராக இருந்தாலும் அனுமதிப்பத்திரம் இன்றி வைத்திருப்பதும், ஆண்டுப் புதுப்பித்தலைத் தவறவிடுவதும் குற்றம். குழல் வாயால் மருந்திட்டு இடிக்கும் இடியன் துவக்கைப் பன்றித் தடத்தில் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு பற்றி என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். அது சட்டவிரோதம் என்பதோடு, விறகுக்குப் போகும் பெண்களின் கால்களையும் மாடுகளின் கால்களையும் முறிப்பது.

20 போர் சன்னம் மெதுவாகத்தானே போகும்? பன்றிக்குப் பட்டாலும் உறைக்காதாமே?

வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஒரே அளவான ஒரு தனிச் சன்னம், எந்தப் போரிலிருந்து வந்தாலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போய் ஒரே பலத்துடன் தைக்கும். 12 போர் அனுப்புவது வேகமான சன்னத்தை அல்ல, அதிக எண்ணிக்கையான சன்னங்களை. எண்ணிக்கை கூடினால் உயிர்நிலையில் படும் வாய்ப்புக் கூடும். பன்றி விழுவதும் காயத்துடன் பற்றைக்குள் ஓடிப் பல நாள் கிடந்து சாவதும் அதைப் பொறுத்தது.

எஸ்.ஜி. தோட்டா 4ஆம் இலக்கத்தைவிடக் கூட உதைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?

சன்னத்தின் பருமனுக்கும் உதைக்கும் தொடர்பில்லை. மொத்த எடையும் வேகமும்தான் கணக்கு. எஸ்.ஜி. சன்னம் ஓர் அவுன்சுக்கு எட்டுத்தான் பிடிக்கும், ஒவ்வொன்றும் சுமார் 8.4 மில்லிமீற்றர், 4ஆம் இலக்கச் சன்னம் 3 மில்லிமீற்றரைச் சற்றே தாண்டுவது, ஆகவே அதே அவுன்சுக்கு நூற்றுக்கு மேல் பிடிக்கும். இரண்டு தோட்டாக்களிலும் 32 கிராம் இருந்து வேகமும் ஒன்றானால் தோளுக்கு வேறுபாடு தெரியாது. எஸ்.ஜி. தோட்டாக்களைப் பெரும்பாலும் கூடிய எடையிலும் வேகத்திலும் செய்வதால் அப்படியொரு பேச்சு வந்திருக்கிறது. பெட்டியில் எழுதியிருக்கும் கிராமைப் படியுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. எஸ்.ஜி. சன்னம் பல நூறு மீற்றர் பறந்து சென்றும் ஆளைக் காயப்படுத்தக்கூடியது. 30 மீற்றருக்கு அப்பால் அது எப்படிப் பரவும் என்று நிச்சயமில்லை. அடுத்த வயல் பரணில் உங்களைப்போலவே ஒருவர் விழித்திருக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவின் பழைய துவக்கில் புதுத் தோட்டா இலகுவாக உள்ளே போகிறது. போகிறதென்றால் சுடலாம்தானே?

போகிறது என்பது போதாது. தோட்டாவில் 65, 70, 76 மில்லிமீற்றர் என்று எழுதியிருப்பது, சுட்ட பின் வாய் விரிந்த நிலையிலுள்ள நீளம். சுடாத நிலையில் வாய் மடிந்திருப்பதால் அது சில மில்லிமீற்றர் குட்டையாக இருக்கும்; எனவே 76 மில்லிமீற்றர் தோட்டா 70 மில்லிமீற்றர் அறைக்குள் (குழலின் அடியில் தோட்டா இருக்கும் இடம்) தடையின்றி நுழையும், குழலும் மூடும். சுடும்போது அதன் மடிப்பு விரிய இடமின்றிக் குழலின் குறுகும் பகுதிக்குள் நெருக்கப்பட்டு, அழுத்தம் அளவுக்கு மீறி ஏறும், உதை கடுமையாகும், பழைய இரும்பு தாங்காமலும் போகலாம்.

பழைய துவக்குகள் பல 65 மில்லிமீற்றர் அறையுடன் வந்தவை. குழலின் அடிப்பக்கத்தில் அறையின் நீளம் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் துவக்குத் திருத்துபவரிடம் அளவெடுப்பியுங்கள். குட்டையான தோட்டாவை நீண்ட அறையில் சுடுவதில் இந்த ஆபத்து இல்லை.

12 போரில் 20 போர் தோட்டாவை அவசரத்துக்குப் போடலாமா?

ஒருபோதும் கூடாது, இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் மிக ஆபத்தான தவறு இது. 20 போர் தோட்டா 12 போரின் அறையைக் கடந்து வழுக்கிச் சென்று, குழலின் குறுகலில் சிக்கி நின்றுவிடும். இருட்டில் அறை வெறுமையாகத் தெரிய, இன்னொரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், குழல் இடது கைக்கு மேலேயே வெடிக்கும். 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் இதற்காகவே ஏற்பட்டது. ஒரே வீட்டில் இரண்டு போரும் இருந்தால் தோட்டாப் பைகளை வேறு வேறு இடத்தில் வையுங்கள்.

தோளில் கன்றிப்போய் நீலம் பாரிக்கிறது. துவக்கை எப்படிப் பிடிக்க வேண்டும்?

நீலம் பாரித்த இடத்தைக் காட்டினால் தவறைச் சொல்லிவிடலாம். புயத்தின் சதையில் கன்றியிருந்தால் துவக்கு மிக வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. காறை எலும்பின் மேல் என்றால் மிக உயரே. கையை முன்னே நீட்டும்போது காறை எலும்புக்குக் கீழே, தோள்மூட்டுக்கு உட்பக்கமாக ஒரு பள்ளம் உண்டாகும். கட்டையின் அடி முழுவதும் அங்கே பதிய வேண்டும். கன்னத்தில் அடித்தால், கன்னத்தைக் கட்டையில் அழுத்தாமல் இடைவெளி விட்டிருக்கிறீர்கள். நடுவிரல் மூட்டில் விசைக் காப்பு வளையம் அடித்தால் பிடி தளர்வு, அல்லது கட்டை உங்களுக்குக் குட்டை. பெருவிரல் மூக்கில் இடித்தால் அதுவும் கட்டை குட்டை என்பதற்கே அடையாளம்.

நிற்கும் நிலையில் இடது காலை அரையடி முன்வைத்து, முழங்காலைச் சற்று மடித்து, உடலின் எடையில் கூடிய பங்கை அந்தக் காலில் தாங்குங்கள். பயந்தவர்கள் எல்லோரும் பின்னே சாய்கிறார்கள்; பின்னே சாய்ந்தவரைத்தான் துவக்கு மேலும் பின்னே தள்ளுகிறது. துவக்குக்கும் தோளுக்கும் இடையில் வெளி இருந்தால் கட்டை வேகமெடுத்து வந்து குத்தும். வெளி இல்லாதபோது உங்கள் உடலின் எடையும் துவக்கின் எடையுடன் சேர்ந்து நகரும், அது வெறும் தள்ளலாகவே தெரியும். வலக்கையர்களுக்கு எழுதியிருக்கிறேன், இடக்கையர் மாற்றிக்கொள்ள வேண்டும்.

நிலத்தில் நின்று சுட்டால் தாங்குகிறது, பரணிலிருந்து சுட்டால் உயிர் போகிறது. ஏன்?

பரணில் முதுகை மரத்துடன் ஒட்டிச் சாய்ந்திருப்பீர்கள். நிற்பவரின் உடல் பின்னே அசைந்து உதையை வாங்கிக்கொள்ளும். மரத்தில் சாய்ந்தவரின் உடலுக்குப் போக இடமில்லை, முழு உதையும் தோளிலேயே நின்றுவிடும். முதுகுக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு சாண் விட்டு, முன்னே குனிந்து இருந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றிச் சுடுங்கள். மேலேயிருந்து செங்குத்தாகக் கீழே குறிவைக்கும்போது கட்டையின் ஒரு நுனி மட்டுமே தோளில் படுகிறது. அந்த நுனி குத்தத்தான் செய்யும். பன்றியைச் சற்றுத் தள்ளி வர விடுவது நல்லது.

மார்கழி மழைக் குளிருக்குப் போர்த்தியிருக்கும் போர்வையும் ஒரு காரணம். இருட்டில் கட்டை அதன் மடிப்பில் சிக்கிப் புயத்துக்கு வழுக்கிவிடும். தோளில் எதுவும் மடிந்திருக்காதபடி உடுத்துங்கள்.

விசையை அழுத்தும்போதே எனக்குக் கண் மூடிவிடுகிறது. எத்தனை முறை சுட்டாலும் பழகவில்லை. இதற்கு மருந்து உண்டா?

நீங்கள் எத்தனை முறை சுட்டீர்களோ அத்தனை முறை அந்தப் பழக்கம் இறுகியிருக்கிறது. வலியைத் தாங்கித் தாங்கிப் பழகுவது என்பது இங்கே நடக்காது; உடல் வலிக்கு முந்திக்கொள்ளக் கற்கிறது, அவ்வளவே. முதலில் காதைக் கவனியுங்கள். துவக்கின் வெடிச்சத்தம் 140 டெசிபல் என்ற தீங்கு எல்லையைத் தாண்டுவது. ஒரே வெடி செவிப்புலனைக் குறைக்கக்கூடும். உதைக்குப் பயப்படுவதாக நினைக்கும் பலர் உண்மையில் சத்தத்துக்கே ஒடுங்குகிறார்கள். காதடைப்பான் வைத்த அன்றே "இன்றைக்குத் துவக்கு உதைக்கவில்லை" என்று சொன்னவர்களை நான் கண்டிருக்கிறேன். 1983 முதல் 2009 வரை போரைக் கடந்துவந்த மாவட்டம் இது. வெடிச்சத்தம் கேட்டால் உடல் தானாகக் குறுகுவது நம்மில் பலருக்கு அந்தக் காலத்தில் ஏற்பட்டது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, அதை வெல்ல முடியாமல் துவக்கைத் திருப்பிக் கொடுத்துவிட முடிவெடுப்பதிலும் வெட்கமில்லை.

தொடர விரும்பினால், சட்டப்படி சுட இடமுள்ள இடத்தில், மிக மெல்லிய தோட்டாவுடன் தொடங்குங்கள். நம்பிக்கையான ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் ஒரு முறை உண்மைத் தோட்டாவையும் இன்னொரு முறை பயிற்சிப் போலித் தோட்டாவையும் போட்டுத் தரட்டும். போலியில் விசை தட்டும்போது குழலின் நுனி கீழே குனிவதை நீங்களே பார்ப்பீர்கள். அந்தக் குனிவுதான் உங்கள் நோய். குனியாமல் நிற்கும்வரை போலியையே கூட்டுங்கள். ஒரு நாளில் பத்து வெடிக்கு மேல் வேண்டாம், தோள் நோகத் தொடங்கினால் ஐந்திலேயே நிறுத்துங்கள்.

நான் சிறிய உடல்வாகுள்ள பெண். கணவர் இல்லை, வயலை நான்தான் பார்க்கிறேன். என்னால் 12 போரைச் சுட முடியுமா, அண்ணை?

முடியும், தங்கச்சி. உடல் பருமனைவிடக் கட்டையின் நீளம்தான் முக்கியம். ஆண்களின் அளவுக்குச் செய்த கட்டை உங்களுக்கு நீளமாக இருப்பதால் கை எட்டாமல் பின்னே சாய்வீர்கள். அதன் விளைவை மேலே எழுதியிருக்கிறேன். வெறுமையான துவக்கின் கட்டையடியை முழங்கையின் உள்மடிப்பில் வைத்தால், சுட்டுவிரலின் முதல் மூட்டு விசையை எட்ட வேண்டும். எட்டாவிட்டால், தேர்ந்த ஒருவரிடம் கட்டையைக் குறைப்பிக்க வேண்டும். இலகுவாக இருக்கிறதென்று மெல்லிய ஒற்றைக்குழலை உங்கள் கையில் தருபவர்களை நம்பாதீர்கள். காரணம் ஜூல் கணக்கில் இருக்கிறது.

கட்டையின் அடியில் இறப்பர் வைத்தால் போதுமா?

போதாது, ஆனால் உதவும். இறப்பர் உதையின் ஆற்றலைக் குறைப்பதில்லை. அது தோளை அடையும் நேரத்தைச் சற்று நீட்டிக் கூர்மையை மழுக்குகிறது. வைத்த பின் கட்டையின் நீளம் கூடிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

எனக்கு இதயமுடுக்கி பொருத்தியிருக்கிறது. சுடலாமா?

உங்கள் இதய மருத்துவரிடம் கேட்கும்வரை சுட வேண்டாம். உதை விழும் பக்கத்திலேயே கருவி இருந்தால், அதன் கம்பி பழுதடையக்கூடும்.

யானையைக் கொல்ல வேண்டாம், வெருட்டுவதற்குக் காலில் சிறு சன்னத்தால் சுட்டால் என்ன?

சிறு சன்னம் யானையைக் கொல்லாது என்ற எண்ணமே தவறு. தோலுக்குள் தங்கிய சன்னம் சீழ் பிடித்து, அந்த விலங்கு மாதக்கணக்கில் வலியுடன் அலைகிறது. வலியுடன் அலையும் யானை அடுத்த கிராமத்தில் ஆளைக் கண்டால் விலகிப் போகாது. சட்டப்படியும் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவித்து, யானை வெடியையும் வெளிச்சத்தையும் பயன்படுத்துங்கள்.

இரட்டைக்குழலில் ஒரு விசையை அழுத்த இரண்டும் சேர்ந்து வெடித்து என்னை விழுத்திவிட்டது. தோட்டாப் பிழையா?

தோட்டாவில் பிழை இருக்காது. முதல் வெடியின் உதையில் தேய்ந்துபோன இரண்டாவது பொறி தானாக விழுந்திருக்கலாம். அல்லது உதையில் விரல் வழுக்கிப் பின்விசையில் பட்டிருக்கலாம். இரண்டு தோட்டாக்களின் எடையும் ஒன்றாகச் சேரும்போது உதையின் ஆற்றல் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. திருத்துபவர் பார்த்து முடிக்கும்வரை அந்தத் துவக்கைச் சுட வேண்டாம்; அவரிடம் கொண்டுபோகும் போது நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஒரு தோட்டா "புஸ்" என்று சத்தமிட்டது, உதையே இல்லை. மழையில் நனைந்த பெட்டி. அடுத்ததைப் போட்டுச் சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை. சரிதானே?

தப்பியிருக்கிறீர்கள். நனைந்த மருந்து அரைகுறையாக எரியும்போது அடைப்பானைக் குழலின் வெளியே தள்ளப் போதிய அழுத்தம் வராது. அது குழலின் நடுவே தங்கிவிடும். அதன் பின்னால் இன்னொரு தோட்டா வெடித்தால் குழல் அங்கே வீங்கும் அல்லது பிளக்கும். வழக்கமான உதை வராததே உங்களுக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை. உடனே நிறுத்தி, குழலை ஆளில்லாத திசைக்கு நீட்டியபடி அரை நிமிடம் பொறுத்து, பின் திறந்து தோட்டாவை எடுத்து, அறைப்பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பாருங்கள். மறுமுனை முழு வட்டமாகத் தெரியாவிட்டால் அன்றைய காவல் அத்துடன் முடிந்தது. தெரிந்தாலும் அந்தப் பெட்டியிலுள்ள மற்றத் தோட்டாக்களைப் பயன்படுத்த வேண்டாம். வாங்கிய கடையிலோ பொலிஸ் நிலையத்திலோ ஒப்படையுங்கள். நம் கடற்காற்றில் இரும்பு அலுமாரியின் அடித்தட்டு வேர்க்கும் என்பதால், புதுப் பெட்டியை இறுக மூடும் பிளாஸ்டிக் வாளியில் போட்டு மேல்தட்டில் வைப்பது வழக்கமாகட்டும்.